சுவருக்குள் ஒரு சாண் பச்சை வயர்

உங்கள் வீட்டுச் சமையலறை டைல்ஸ் என்ன கலர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள். நாலு கடை ஏறி இறங்கி, வீட்டில் ரெண்டு நாள் பேச்சுவார்த்தை நடத்தி வாங்கியதாச்சே! அந்த டைல்ஸுக்குப் பின்னால் ஓடுகிற வயர் என்ன சைஸ் என்று கேட்டால்? முழிப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். போன மாதம் வரை நானும் முழித்துக்கொண்டிருந்தவன்தான்.

கேஸ் சிலிண்டர் ஒரு நாள் ராத்திரி எட்டரை மணிக்குக் காலை வாரியதிலிருந்து, இரண்டு பேருக்கு இடம் கொடுக்கிற இண்டக்‌ஷன் ஹாப் ஒன்று மேடையில் பதித்தே தீர வேண்டும் என்று மனைவி. கேக் செய்யக் கற்றுக்கொண்ட மகளுக்கு சுவரில் பதிக்கிற மாதிரி ஒரு அவன். ‘அவன் வந்துட்டானாப்பா?’ என்று அவள் போனில் கேட்பதைக் கேட்டு ஆபீஸில் பக்கத்து சீட்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தது தனிக் கதை.

இரண்டும் வந்து இறங்கின. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பெட்டியைப் பிரித்ததும் பொருளைப் பார்க்கவில்லை. பின்பக்கம் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைத்தான் படித்தார். அட்டையைக் கிழித்து, காதில் செருகியிருந்த பென்சிலால் கணக்குப் போட்டார். ஹாப் 3,500 வாட்ஸ். அவன் 2,500. மொத்தம் 6,000. அதை 230 வோல்ட்டால் வகுத்தால் 26 ஆம்பியர்.

“இங்க இருக்கிறது 16 ஆம்பியர் பாயிண்ட் சார். ரெண்டரை ஸ்கொயர் வயர். அதுலயே ஃப்ரிட்ஜும் மிக்ஸியும் வேற ஓடுது. தாங்காது. டி.பி.யில இருந்து ரெண்டு புது லைன் இழுத்துடுவோம். ஆளுக்கு ஒரு 4 ஸ்கொயர் வயர், ஆளுக்கு ஒரு எம்.சி.பி. ஹால் சுவத்தை வெட்டித்தான் பைப் பதிக்கணும்.”

ஹால் சுவருக்குப் பெயின்ட் அடித்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதையேதான் நானும் சொன்னேன். “அண்ணே, ரெண்டையும் ஒரே நேரத்துல போட மாட்டோம். இருக்கிற பாயிண்ட்லயே அட்ஜஸ்ட் பண்ணிக் கொடுங்களேன். ட்ரிப் ஆச்சுன்னா கொஞ்சம் பெரிய எம்.சி.பி.யா மாத்திடலாம்.”

அவர் கோபப்படவில்லை. “நாய் குலைக்குதுன்னு நாய் வாயைக் கட்டச் சொல்றீங்க சார்” என்றார்.

அதென்ன என்று பிறகு படித்துப் பார்த்தேன். பி.காம். படித்தவனுக்கு ஜூல் விதி புதுசு. வயரில் ஓடுகிற கரண்ட் இரண்டு மடங்கானால் அதில் பிறக்கிற சூடு இரண்டு மடங்கு ஆகாதாம். நாலு மடங்கு ஆகுமாம். 16 ஆம்பியருக்காகப் போட்ட வயரில் 26 ஓடினால் சூடு இரண்டரை மடங்குக்கும் மேல். எம்.சி.பி. ட்ரிப் ஆவது நம்மைத் தொந்தரவு பண்ணுவதற்காக அல்ல, சுவருக்குள் இருக்கிற வயர் சூடாவதைச் சொல்வதற்காக. அதை மாட்டியிருப்பது அடுப்பைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. வயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிசாக்கினால் குலைக்கிற சத்தம் நின்றுவிடும். திருடன் உள்ளேதான் இருப்பான்.

என் வயசுக்காரர்களுக்கு இன்னொன்று ஞாபகம் வரும். ஃப்யூஸ் போனால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அப்பா கேரியரைப் பிடுங்குவார். ஒற்றை இழை அடிக்கடி போகிறது என்று மூன்று இழையை முறுக்கிக் கட்டுவார். அப்புறம் வருஷக்கணக்கில் ஃப்யூஸ் போகாது. ‘கெட்டியா கட்டிட்டேன்’ என்று பெருமை வேறு! எங்கள் தெருவில் அப்படிக் கட்டாத வீடே இல்லை. எந்த வீடும் எரியவும் இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் இந்த வாரம் உங்களிடம் வேறு ஏதாவது பேசியிருப்பேன்.

சுவரை வெட்ட அரை மனசாகச் சம்மதித்த பிறகு, பழைய பாயிண்ட்டை ஒரு தடவை சோதித்துவிடுகிறேன் என்று டெஸ்ட் லேம்ப்பை எடுத்தார் அவர். ஒரு ஹோல்டர், ஒரு பல்பு, இரண்டு முனை வயர். ஃபேஸிலும் நியூட்ரலிலும் வைத்தார். பல்பு எரிந்தது. ஒரு முனையை எடுத்து மேலே இருக்கிற பெரிய ஓட்டையில், எர்த்தில், வைத்தார். எரியவில்லை. திரும்ப வைத்தார். எரியவில்லை.

பிளேட்டைக் கழற்றினார். எட்டிப் பார்த்தேன். சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றும் ஒழுங்காக ஸ்க்ரூ முறுக்கி நின்றன. “பச்சை இருக்கே அண்ணே?” என்றேன். அவர் பதில் சொல்லாமல் அந்தப் பச்சை வயரை விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

ஒரு சாண் நீளம். அவ்வளவுதான். ஒரு முனை சாக்கெட்டில். மறு முனை பைப்புக்குள் நுழைந்து, எதிலும் சேராமல், அனாதையாக நின்றிருக்கிறது.

நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்தது 2012ல். அன்றிலிருந்து அந்தப் பாயிண்ட்டில்தான் ஃப்ரிட்ஜ். இரும்பு உடம்பு. ஈரக் கையோடு தினம் இருபது தடவை திறக்கிறோம். உள்ளே எங்காவது இன்ஸுலேஷன் பிய்ந்து உடம்பில் கரண்ட் ஏறினால், பூமிக்குப் போக அதற்கு ஒரு சுலபமான வழி போட்டுவைப்பதுதான் எர்த் வயர். பிளக்கில் அந்த ஒரு பின் மட்டும் ஏன் குண்டாகவும் நீளமாகவும் இருக்கிறது தெரியுமா? மாட்டும்போது முதலில் அது தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக அது விட வேண்டும் என்பதற்காக. அத்தனை யோசித்துச் செய்த பின், எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாக ஒரு சாண் வயரைத் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

“எர்த் இல்லேன்னா லீக்காகிற கரண்ட் சும்மா இருக்கும் சார். யார் வந்து தொடுவாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கும்” என்றார்.

எனக்கு அந்தப் பழைய எலக்ட்ரீஷியன் மேல் வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாமல் செய்திருந்தால் பச்சையே இருந்திருக்காது. திறந்து பார்ப்பவன் ஏமாற வேண்டும் என்றே ஒரு சாண் செருகியிருக்கிறார். சரியானது எது என்று தெரிந்தவர் செய்த வேலை. கொஞ்ச நேரம் கத்தினேன். பிறகு, மனுஷ புத்தி, சமாதானம் தேட ஆரம்பித்தது. “என்னவோ அண்ணே, பகவான் புண்ணியத்துல இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலை” என்றேன்.

பைப்பை அளந்துகொண்டிருந்தவர் தலை தூக்காமல் கேட்டார்: “ஒண்ணும் ஆகலைன்னா அந்தாளு செஞ்சது தப்பில்லேன்னு ஆயிடுமா சார்?”

இந்தக் கேள்வியைப் பெரிய பெரிய ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்று இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் 1976ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். ‘அறத்தில் அதிர்ஷ்டம்’ என்று தமிழில் சொல்லலாம். நேகலின் உதாரணம் ஒரு லாரி டிரைவர். பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டி ஓட்டுகிறார். குறுக்கே குழந்தை ஓடி வந்தால் வாழ்நாள் முழுக்கக் கொலைகாரன். ஓடி வராவிட்டால் சாதாரண மனுஷன், கொஞ்சம் அசட்டை அவ்வளவுதான். இரண்டு பேரும் செய்தது ஒன்றேதான். குழந்தை வந்ததும் வராததும் அவர் கையில் இல்லை. அவர் கையில் இல்லாத ஒன்றை வைத்து அவரை எப்படி எடை போடுவது?

நம் சட்டமே அப்படித்தான் எடை போடுகிறது. அசட்டையான செயலால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 336வது பிரிவில் 3 மாதம் வரை சிறை. அதே அசட்டையால் ஒருவர் செத்துப்போனால் 304ஏ, 2 வருஷம் வரை. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் முதலாவது அதே 3 மாதம்தான். இரண்டாவது 5 வருஷம் வரை ஏறியிருக்கிறது. நடுவில் இருக்கிற வித்தியாசம் அதிர்ஷ்டம்.

1997 ஜூன் 13. டெல்லி கிரீன் பார்க்கில் உப்ஹார் தியேட்டர். ‘பார்டர்’ படம் ஓடுகிறது. கீழே கார் நிறுத்துகிற இடத்தில் மின் வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மர். அன்று காலையே அதில் தீப்பிடித்து, வாரிய ஆட்கள் வந்து கேபிளின் முனையை மாற்றிவிட்டுப் போனார்கள். அந்த முனையைக் கேபிளோடு சேர்த்து இறுக்க கிரிம்பிங் மெஷின் என்று ஒன்று உண்டு. அது இல்லாமல் சுத்தியலால் தட்டிச் சேர்த்தார்கள். இதெல்லாம் வழக்கில் பதிவானது. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் அந்த இணைப்பு கழன்றது. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் கொட்டித் தீப்பற்றி, கார்கள் எரிந்து, புகை மாடிப்படி வழியாக பால்கனிக்கு ஏறியது. கூடுதல் சீட் போட்டு ஒரு பக்கத்து வழியை அடைத்திருந்தார்கள். 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

அதைப் படித்துவிட்டு நான் யோசித்தது இதுதான். அன்றைக்குக் காலையில் நாடு முழுக்க எத்தனை இணைப்புகளைச் சுத்தியலால் தட்டிச் சேர்த்திருப்பார்கள்? அவர்களெல்லாம் ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, ‘இன்னிக்கு நல்ல வேலை’ என்று படுத்திருப்பார்கள். ஒரே ஒரு இணைப்பு கழன்றது. அதைத் தட்டியவர் குற்றவாளி. கழலாததைத் தட்டியவர் கைராசிக்காரர்!

எல்லாரும் சமக் குற்றவாளிகள் என்று சொல்லிவிட்டால் நியாயமாகிவிடுமா? அந்த 59 குடும்பங்களிடம் போய், ‘இது ஊர் உலகத்தில் தினமும் நடக்கிற அசட்டைதாங்க’ என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. நான் படித்த காமர்ஸ் இங்கே கொஞ்சம் உதவுகிறது. வந்துவிட்ட நஷ்டம் லாப நஷ்டக் கணக்கில் ஏறும். ஆனால் வரக்கூடிய நஷ்டம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால், அது வருவதற்கு முன்பே பேலன்ஸ் ஷீட்டின் அடியில் குறிப்பு எழுத வேண்டும். எழுதாமல் மறைத்தால், நஷ்டம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கணக்கு பொய்க்கணக்கு. சட்டம் செத்தவருக்காக ஒரு கணக்கு எழுதுகிறது. செய்தவனின் கணக்கு வேறு. அது பிளேட்டை மூடி ஸ்க்ரூ முறுக்கிய அன்றே எழுதி முடிந்துவிட்டது.

இதை என்னைவிட அழகாகச் சொன்னவர் வில்லியம் கிளிஃபர்டு. கணித மேதை. 33 வயதில் காசநோயில் போய்விட்டார். 1877ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு. கட்டிய விதமும் அவ்வளவு சரியில்லை. பழுது பார்க்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். செலவாகுமே! முதலாளி தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறார். எத்தனை புயலைப் பார்த்த கப்பல் இது! புது நாட்டில் பிழைக்கப் போகிற ஏழைக் குடும்பங்களைக் கடவுள் கைவிடுவாரா? கட்டியவர்களின் நாணயத்தைச் சந்தேகிப்பது அற்பத்தனம் இல்லையா? இப்படி யோசித்து யோசித்து, உண்மையாகவே நம்பிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொள்கிறார்.

குற்றவாளிதானே? சந்தேகமில்லை. கிளிஃபர்டு அடுத்துக் கேட்பதுதான் முக்கியம். கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தால்? அப்போதும் கடுகளவு குறையாமல் அதே குற்றவாளிதான், வெளியே தெரியாத குற்றவாளி, அவ்வளவே என்கிறார். அவர் நம்பியது நிஜமாயிற்றா பொய்யாயிற்றா என்பது கேள்வியே இல்லை. அப்படி நம்ப அவருக்கு உரிமை இருந்ததா என்பதே கேள்வி.

இதைப் படித்ததும் அந்தப் பழைய எலக்ட்ரீஷியன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒல்லியாக இருப்பார். 2012ல் பில்டர் போட்ட பாயிண்ட் போதாது என்று சமையலறைக்குக் கூடுதல் பாயிண்ட் போட நான்தான் அவரைப் பிடித்தேன். பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேச்சு. அவர் சொன்ன ரேட்டில் கால் பங்கை நான் அடித்துக் குறைத்தேன். முடிக்கிற நேரத்தில், ‘அதே காசுல இன்னும் ரெண்டு பாயிண்ட் சேர்த்துப் போட்டுடுங்க’ என்றேன். அவர் ஒரு நிமிஷம் சும்மா நின்றது எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

மூன்று வயரில் கண்ணுக்கு வேலை செய்து காட்டாதது ஒன்றே ஒன்று. சிவப்போ கறுப்போ இல்லாவிட்டால் பல்பு எரியாது, உடனே கூப்பிட்டுக் கேட்பேன். பச்சை இல்லாவிட்டால்? எல்லாம் ஜோராக ஓடும். நான் குறைத்த காசை எங்கே ஈடுகட்டலாம் என்று அவர் தேடியிருந்தால், அதுதான் இடம். அவர் செய்தது தப்பில்லை என்று சொல்ல வரவில்லை. பச்சையைப் போடாமல் விட்டிருந்தாலாவது ஒரு மாதிரி; போட்ட மாதிரி காட்டியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் வயரை வெட்டின கட்டிங் பிளேயரில் என் விரலும் கொஞ்சம் இருந்தது.

இதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் வயிற்றில் ஏதோ பிசைந்தது.

புது வீட்டுக்கு வந்தபோது பழைய சின்ன ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டோம். விடுவதற்கு முன் வயரிங் முழுக்க மாற்றினோம். மாற்றியது அதே ஆள். அதே ரேட். இப்போது அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது. கணவன், மனைவி, ஆறாவது படிக்கிற பையன், வயசான அம்மா. மாசம் அஞ்சாம் தேதி தவறாமல் வாடகை வந்துவிடும்.

எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே. ஏதாவது என்றால் அவர்களே சொல்லியிருப்பார்களே. ஒரு இடத்தில் அப்படிச் செய்தார் என்பதற்காக எல்லா இடத்திலும் செய்திருப்பார் என்று நினைப்பது அந்த மனுஷனுக்குச் செய்கிற அநியாயம் இல்லையா? திறந்து பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் செலவு, திறக்காதவரை எனக்குத் தெரியாது, தெரியாததற்கு நான் பொறுப்பில்லை... வரிசையாக நாலு காரணம். ஒன்றுகூடப் புதுசில்லை. கப்பல் முதலாளி சொன்னதையே தமிழில் சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறேன். அவருக்காவது கடவுள் பேர் தேவைப்பட்டது. எனக்கு வெறும் சோம்பேறித்தனமே போதுமானதாக இருந்தது.

என் வீட்டில் சுவரை வெட்டாமல் அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னபோது, ‘என் வீடு, என் ரிஸ்க்’ என்று உள்ளுக்குள் ஒரு தைரியம் இருந்தது. அதுவே பாதிப் பொய். அடுப்படியில் நிற்பவர் மனைவி; பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா ஈரக் கையோடு ஃப்ரிட்ஜ் பக்கத்தில்தான் உட்காருவார். வாடகை வீட்டுக்கு அந்தப் பாதிகூட இல்லை. அங்கே ரிஸ்க் முழுக்க அவர்களுடையது. சேமிப்பு முழுக்க என்னுடையது.

எங்கள் வீட்டு வேலை மூன்று நாளில் முடிந்தது. ஹாப்புக்கு 20 ஆம்பியர், அவனுக்கு 16. நல்ல பச்சை வயர் டி.பி. வரை ஓடுகிறது, இழுத்துக்கூடப் பார்த்துவிட்டேன். ஈ.எல்.சி.பி. என்று நாம் பழக்கத்தில் சொல்கிற ஆர்.சி.சி.பி.யும் மாட்டினார். போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் ஒன்றா என்று அது சதா கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் டப்பென்று மொத்தத்தையும் அணைத்துவிடும். இப்படி ஒரு ஆடிட்டரை நான் எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை. ஹால் சுவரில் சிமென்ட் பூசிய கோடு ஒன்று இன்னும் பெயின்ட்டுக்குக் காத்திருக்கிறது.

காசைக் கொடுக்கும்போது, “ஞாயித்துக்கிழமை இன்னொரு வீட்டுக்கு வரணும் அண்ணே” என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். வீட்டுக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் வாடகைக்காரர்கள் முகம் எப்படி மாறும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தம்மா காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றார். சமையலறைப் பாயிண்ட்டில் டெஸ்ட் லேம்ப் வைத்தார் அண்ணன். பல்பு பளிச்சென்று எரிந்தது. பிளேட்டைக் கழற்றிப் பச்சையை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. எனக்கு மூச்சு வந்தது. அந்த ஒல்லி மனுஷனை மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“இங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கு? கரண்ட் பிரச்னை எதுவும் இல்லையே?” என்று அந்தம்மாவிடம் கேட்டேன். ‘இல்லை’ என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி அது.

அவர் உள்ளே பார்த்து மாமியாரை ஒரு கண் பார்த்துக்கொண்டார். “அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க சார். பாத்ரூம்ல கீஸர் போட்டா மட்டும் குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்கும். நாங்க ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் குளிக்கிறது. பையனுக்கும் சொல்லி வெச்சிருக்கோம்.”

“எவ்ளோ நாளாம்மா?”

“ரெண்டு வருஷமா இருக்கும் சார்.”

“ஏம்மா என்கிட்ட சொல்லலை?”

“சொன்னா ரிப்பேர் பண்ணிட்டு வாடகை ஏத்துவீங்களோன்னுதான்...”

நான் திரும்பிப் பார்த்தபோது அண்ணன் அங்கே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரோடு பாத்ரூம் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.